தோழி அழைத்துப் போகும் ஊர்

பிள்ளையை ஒரு பருவம் சீனாவுக்குப் படிக்க அனுப்பும் வீட்டார் கேட்பதெல்லாம் மூன்று கேள்விகள்தான். சாப்பாட்டுக்கு என்ன வழி, குளிர் எப்படி இருக்கும், பணம் எப்படி அனுப்புவது. மூன்றும் கேட்கவேண்டியவைதான். ஆனால் போன இடம் பிள்ளைக்கு எப்போது பிடிபடும் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், உடன் படிக்கும் பெண் ஒருத்தி "சனிக்கிழமை எங்க ஊருக்கு வர்றியா?" என்று கூப்பிடும் நாளில்தான் பிடிபடும். அப்படி ஒரு நாளை எடுத்துக்கொண்டு, அதில் எது எப்படி நடக்கும், ஏன் அப்படி நடக்கும் என்று சொல்கிறேன். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

ஊரை நானே தேர்ந்துகொள்கிறேன். சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில் ஃபூஜியன் மாகாணம் இருக்கிறது. அங்கே சியாமென் பல்கலைக்கழகம், சிங்கப்பூரில் ரப்பர் வணிகத்தில் பொருள் ஈட்டிய டான் கா கீ 1921-இல் நிறுவியது. நம் மாணவி அங்கே படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தோழியின் ஊர் சுவான்ஜோ. கடலோரமாக வடக்கே, அதிவேக ரயிலில் அரை மணி நேரம். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் ஸைத்தூன் என்று எழுதிவைத்த துறைமுகம் அதுதான். சோங், யுவான் அரச வம்சங்களின் காலத்தில் அராபியர், பாரசீகர், தமிழர் என்று பல நாட்டு வணிகர் வந்து தங்கிய ஊர். அங்குள்ள 22 இடங்களைச் சேர்த்து 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

முதலில் கிளம்புவதைப் பற்றி. ரயில் டிக்கெட்டை 12306 என்ற செயலியில் எடுக்கிறார்கள். நம் பெண்ணுக்கு அது பாஸ்போர்ட் எண்ணோடு பதிவாகும், தாள் டிக்கெட் தேவையில்லை. தோழி தன் அடையாள அட்டையைக் கருவியில் வைத்துவிட்டு நொடியில் உள்ளே போய்விடுவாள். நம் பெண் பெரும்பாலும் பணியாளர் நிற்கும் ஓரத்து வழியில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போகவேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்தால் அன்றைய நாள் ஸ்டேஷன் வாசலோடு சரி. பணத்துக்கு வீசாட், அலிபே இரண்டுமே போதும். இளநீர்க்காரர் வரைக்கும் க்யூஆர் அட்டை வைத்திருப்பார். 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டுகளை இவற்றோடு இணைத்துக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் கிடையாது, அதைத் தாண்டினால் 3 சதவீதம். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்ஸ்ஆப் அங்கே தடை, வீசாட் இங்கே 2020 முதல் தடை. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் வாட்ஸ்ஆப் ஓடும். இல்லாவிட்டால் பகல் முழுக்கப் பேச்சு வராது, அதற்காகப் பதற வேண்டாம்.

இனி சாப்பாடு. சுவான்ஜோவில் காலை ஆகாரம் மியென்சியன்ஹூ. நூல் போன்ற கோதுமை நூடுல்ஸைக் கரையும் பதத்துக்கு வேகவைத்த கெட்டியான சூப். மேலே என்ன போடவேண்டும் என்று நாமே சொல்லவேண்டும். சிப்பி, பன்றிக்குடல், பொரித்த இறைச்சித் துண்டு, எண்ணெயில் பொரித்த நீளமான மாவுத் துண்டு என்று தட்டுதட்டாக வைத்திருப்பார்கள். அசைவம் சாப்பிடுகிற பிள்ளைக்கு இது நல்ல தொடக்கம். சைவப் பிள்ளைக்கு ஒன்று சொல்லவேண்டும்: அங்கே கீரைப் பொரியலைக்கூடப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் கடைகள் உண்டு, சூப்பின் அடி நீரும் பெரும்பாலும் எலும்புச்சாறு. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மேலே போட்ட துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். "வோ ச்சி ஸு" என்று சொல்லவேண்டும். பௌத்தக் கோவில் வழக்கப்படி சைவம் சாப்பிடுகிறவள் என்று அது எல்லாருக்கும் விளங்கும். சந்திர மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் சைவம் உண்ணும் குடும்பங்கள் அந்த ஊரில் நிறைய. கோவில்களின் பக்கத்தில் சைவக் கடைகளும் இருக்கின்றன.

ஆனால் இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபின் சொல்லக்கூடாது. இரண்டு நாள் முன்பே தோழியிடம் சொல்லிவிடவேண்டும். ஏன் என்று கேட்டால், அந்த நாளுக்குப் பின்னால் நம் கண்ணுக்குத் தெரியாத வேலை நிறைய நடந்திருக்கிறது. எந்தக் கடையில் எந்த நேரம் கூட்டம் இருக்காது என்று அவள் பார்த்துவைத்திருப்பாள். அம்மாவிடம் சொல்லியிருப்பாள், அம்மா சந்தைக்குப் போய்வந்திருப்பார். சொந்த ஊருக்கு ஒருவரை அழைத்துவிட்டு அவர் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அவர்களுக்குப் பெரிய மனக்குறை. முன்பே சொல்லிவிட்டால் அதற்குத் தகுந்தாற்போல் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வார்கள், மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வார்கள்.

பணம் கொடுக்கும் விஷயம் இதைவிட நுணுக்கமானது. பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் அவரவர் பங்கைக் கொடுத்துவிடுவது சாதாரணம். சொந்த ஊரில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே அவள் வீட்டுக்காரி, நம் பெண் விருந்தாளி. இப்போதெல்லாம் மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆரிலேயே உணவைச் சொல்லிப் பணமும் கட்டிவிடலாம் என்பதால், நம் பெண் கைப்பையைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு இது கூச்சமாக இருக்கும். அன்று இரவே வீசாட்டில் பாதிப் பணத்தை அனுப்பிவிடுவார்கள். தோழி அதைத் தொடமாட்டாள். வீசாட்டில் அனுப்பிய பணத்தைப் பெறுபவர் 24 மணி நேரத்துக்குள் ஏற்காவிட்டால் அது தானாகவே அனுப்பியவருக்குத் திரும்பிவிடும். மறுநாள் பணம் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கும்போது, அதுதான் அவள் பதில் என்று புரிந்துகொள்ளவேண்டும்.

பாதியை அனுப்பிவைப்பது அவள் காதில் "கணக்கைத் தீர்த்துக்கொள்வோம்" என்றுதான் விழும். அவள் எதிர்பார்ப்பது வேறு. மதியச் சாப்பாட்டுக்கு அவள் கொடுத்தால் சாயங்காலம் பழமோ குளிர்பானமோ நம் பெண் வாங்கட்டும், பேச்சே இல்லாமல் வாங்கட்டும். அடுத்த வாரம் சியாமெனில் தன் கையால் எலுமிச்சைச் சாதம் கிளறி அவளைக் கூப்பிடட்டும். கொடுப்பதும் வாங்குவதும் இப்படி மாறிமாறி நடந்துகொண்டிருக்கவேண்டும், யார் எவ்வளவு என்று ஒருநாளும் நேராகக்கூடாது. சீனர்கள் உறவை இப்படித்தான் வளர்க்கிறார்கள். நம் கிராமத்து வீடுகளுக்கு இது புதிதல்ல என்பதால், நம் பிள்ளைகள் இதை மேலை நாட்டுப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம்.

காலை ஆகாரம் முடிந்து மேற்குத் தெரு வழியாக நடந்தால் கைய்யுவான் கோவில் வரும். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோவில். இரண்டு பக்கமும் கல்லால் எழுப்பிய இரட்டைக் கோபுரங்கள், இரண்டும் 13-ஆம் நூற்றாண்டில் கல்லில் கட்டப்பட்டவை. 40 மீட்டருக்கு மேல் உயரம். மேற்குக் கோபுரத்தின் நான்காம் அடுக்கில் குரங்கு முகத்தோடு வாளேந்திய ஓர் உருவம் இருக்கிறது. சீனக் கதையின் குரங்கு வீரன் சுன் வுகோங்கின் பழைய வடிவம் என்று அதைச் சொல்வார்கள். அவனுக்கும் நம் அனுமனுக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் அறிஞர்களிடையே நெடுநாளாக இருக்கிறது. தோழிகள் இருவரும் கழுத்து வலிக்க நின்று அதைத் தேடட்டும்.

நான் இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் பெரிய மண்டபத்தின் பின்புறம் இருக்கிறது. முன்பக்கம் ஊதுவத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் பலர், பின்பக்கம் வருகிறவர் குறைவு. அங்கே பதினாறு பட்டை கொண்ட இரண்டு கல்தூண்கள். பட்டைகளில் வட்ட வட்டமாகச் செதுக்கிய சிறு சிற்பங்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர். உரலை இழுத்துக்கொண்டு இரட்டை மரத்துக்கு நடுவே போகும் கண்ணன். முதலை பிடித்த யானையைக் காக்கும் திருமால். மண்டபத்தின் அடிப்பீடத்திலும் மனித முகமும் சிங்க உடலுமாக 70-க்கும் மேற்பட்ட உருவங்கள். யுவான் காலத்தில் அந்த ஊரில் இருந்த இந்துக் கோவிலின் கற்கள் இவை. அந்தக் கோவில் அழிந்தபிறகு இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள்.

கட்டியவர்கள் தமிழ் வணிகர்கள் என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. 1956-இல் சுவான்ஜோவில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. எழுத்து தமிழ், கடைசியில் ஒரு வரி மட்டும் சீனம். காலம் 1281, சித்திரை. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. யாருடைய உடல்நலத்துக்காக என்றால், அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானுக்காக. அந்த ஊரின் இந்துக் கோவில் சிற்பங்களில் மற்றவற்றை ஊரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அவற்றில் ஒன்றில் யானை சிவலிங்கத்தை வழிபடுகிறது. திருவானைக்கா தலபுராணம் தெரிந்த எவருக்கும் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் நாள் திசை மாறுகிறது. அதுவரை வழிகாட்டியாக இருந்தவள் சுவான்ஜோப் பெண். இந்தத் தூண்களை அவள் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பாள், பள்ளியில் கூட்டிவந்து காட்டியிருப்பார்கள். "இந்தியக் கடவுள்கள்" என்பதற்குமேல் அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கதையைச் சொல்ல நம் பெண்தான் வேண்டும். மனிதன், சிங்கம், வாசல்படி, அந்திப்பொழுது. இந்த நான்குக்கும் சீனச் சொல் தெரிந்தால் நரசிம்மர் கதையைச் சொல்லிவிடலாம், ஒரு பருவம் சீனம் படித்தவளுக்கு அது போதும். உரலை இழுக்கும் குழந்தையின் கதைக்கு இன்னும் குறைவாகத் தெரிந்தாலே போதும். சொந்த ஊர்க் கோவிலின் தூணில் எழுநூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை இருந்ததை ஒரு வெளிநாட்டுத் தோழியின் வாயால் கேட்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று நினைத்துப்பாருங்கள். அதற்குப்பிறகு அந்த இரண்டு பெண்களும் விருந்தாளியும் வீட்டுக்காரியுமாக மட்டும் இருக்கமாட்டார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். சீனாவுக்குப் போகும் பிள்ளைக்கு ஊறுகாய் கட்டிக்கொடுக்கும் அதே கவனத்தோடு இந்தக் கதைகளையும் சொல்லி அனுப்புங்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு நரசிம்மர் தெரியும், அந்த உரலும் மரமும் ஏன் என்று தெரியாது. அங்கே தூண் முன்னால் நின்று போனில் தேடலாம் என்றால், ரோமிங் இல்லாவிட்டால் கூகுளும் வராது.

அதே கோவில் வளாகத்தில் ஒரு பழைய கப்பல் இருக்கிறது. சுவான்ஜோ விரிகுடாவின் சேற்றிலிருந்து 1974-இல் தோண்டி எடுத்த சோங் காலக் கப்பல். மரப்பலகைகளால் 13 அறைகளாகத் தடுத்தது. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் கப்பலைத் தாங்கும். உள்ளே வாசனை மரங்களும் மிளகும் கொட்டைப்பாக்கும் கிடைத்தன. இந்தப் பக்கம் நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் தோண்டியபோது அதே காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. கடலின் இரண்டு கரையிலும் கிடைத்தவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்த வணிகம் கண்முன்னே வந்துவிடும். தோழிக்குப் பெரியபட்டினத்தைப் பற்றிச் சொல்ல மறக்கவேண்டாம்.

அங்கிருந்து ஊரின் மறுபக்கம் போனால் 1009-இல் தொடங்கிய சிங்ஜிங் மசூதி, கல் வளைவு வாசலோடு நிற்கிறது. அதை ஒட்டினாற்போல் போர்வீரக் கடவுள் குவான் யூவின் கோவில், எப்போதும் கூட்டம். அங்கே தோழி இரண்டு பிறைவடிவ மரத்துண்டுகளை எடுத்து நெற்றிக்கு நேராக வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தரையில் போடுவாள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் சம்மதம். நம் கோவில்களில் பூக்கட்டிப் பார்க்கிறோமே, அதைப்போலத்தான். என்ன கேட்டாள் என்று கேட்கவேண்டாம். தேர்வாக இருக்கும், அல்லது சொல்ல விரும்பாத வேறொன்றாக இருக்கும்.

மத்தியானத்துக்குமேல் கடற்கரையை ஒட்டிய சுன்பூ என்ற மீனவக் குடியிருப்புக்குப் போகலாம். சுவர்களில் பெரிய பெரிய சிப்பி ஓடுகளைப் பதித்துக் கட்டிய பழைய வீடுகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அங்குள்ள பெண்கள் கொண்டை போட்டு ஊசி செருகி, அதைச் சுற்றி மொட்டும் பூவுமாக வளையம் வளையமாகச் சூடிக்கொள்வார்கள். மீன் விற்கப் போகும்போதும் அப்படித்தான். 2023 வாக்கில் இது இணையத்தில் பரவி, சீனாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பெண்கள் தலையில் பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். தெருவெல்லாம் அலங்காரக் கடைகள். கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஊர்ப் பாட்டிகளின் வழக்கம் ஒன்று இளம்பெண்களிடம் மதிப்புப் பெற்றிருக்கிறது, வயதான பெண்கள் பலருக்கு வருமானமும் வருகிறது. நம் மாணவி தயங்காமல் உட்காரட்டும். பூத்தொடுத்துப் பழகிய கை, தலையில் பூ வைக்கும்போது எப்படி நிற்கவேண்டும் என்று தெரிந்த தலை. அந்தப் பாட்டிக்கும் அது உடனே தெரியும்.

சாயங்காலம் தோழியின் வீடு. அங்கே இரவுச் சாப்பாடு சீக்கிரம், ஆறு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு முன்னும் பின்னும் தேநீர். சுவான்ஜோவுக்கு உட்பட்ட ஆன்ஷி மாவட்டத்தின் மலைகளில்தான் தியெகுவான்யின் என்ற புகழ்பெற்ற ஊலாங் தேயிலை விளைகிறது. ஆகவே அந்த வீடுகளில் தேநீர் என்பது ஒரு தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற காரியமாக இருக்காது. வரவேற்பறையில் தண்ணீர் வடிய வழிவைத்த தட்டு, மூடி போட்ட சிறு கிண்ணம், ஒரு மடக்கில் முடிந்துவிடும் குட்டிக் கோப்பைகள். கிண்ணத்தில் ஏழெட்டு கிராம் இலை. கொதிக்கும் நீரை ஊற்றிச் சில நொடிகளில் வடித்துவிடுவார்கள். முதல் நீர் குடிப்பதற்கில்லை, இலையையும் கோப்பைகளையும் கழுவிச் சூடாக்குவதற்கு. அடுத்த நீரிலிருந்து குடிக்கலாம். அதே இலையில் ஏழு தடவை வரை மணம் நிற்கும். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. வாய்க்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும், பழகிவிட்டால் விடாது.

ஊற்றுகிறவர் பெரும்பாலும் தோழியின் அப்பாவாக இருப்பார். கோப்பையில் முக்கால் அளவே ஊற்றுவார். விளிம்பு வரை ஊற்றினால் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வதாகிவிடும். அவர் ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டவேண்டும், அது நன்றி. பேச்சை நிறுத்தாமலே நன்றி சொல்லிவிடலாம் என்பதால் அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கோப்பை காலியானால் உடனே நிறைந்துவிடும். போதும் என்றால் குடிக்காமல் அப்படியே விட்டுவைக்கவேண்டும்.

வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது நம்மைப்போலவே. தோழியின் அம்மாவை ஆயி என்றும் அப்பாவை ஷூஷூ என்றும் கூப்பிட்டால் வீடே குளிர்ந்துவிடும். பாட்டியிடம் மட்டும் நம் பெண் படித்த சீனம் எடுபடாது. அவர் பேசுவது ஹொக்கியன், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழர்களின் பக்கத்து வீடுகளில் கேட்கிற அதே பேச்சு. சுவான்ஜோவில் பல வீடுகளுக்கு மலேசியாவிலோ பிலிப்பைன்ஸிலோ உறவுகள் உண்டு. அங்கே போன தாத்தாவின் கதையைப் பாட்டி எடுத்தால் தோழி மொழிபெயர்ப்பாள். அந்தக் கதையை முழுக்கக் கேட்கவேண்டும். பிறகு கேள்விகள் வரும். அப்பா என்ன வேலை பார்க்கிறார், எவ்வளவு சம்பளம், எப்போது கல்யாணம். நம் ஊர்ப் பெண்ணுக்கு இதெல்லாம் அதிர்ச்சி தராது.

கையில் ஏதாவது கொண்டுபோகவேண்டும். கோவில்பட்டி கடலைமிட்டாய் கொண்டுபோகச் சொல்வேன். அந்தப் பகுதியிலும் கொங்தாங் என்ற வேர்க்கடலை மிட்டாயைத் தேநீரோடு வைப்பார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்க்கலாம். கடிகாரம் மட்டும் கொடுத்துவிடக்கூடாது, சாவை நினைவூட்டும். கொடுத்ததை ஒன்றிரண்டு தடவை வேண்டாம் என்பார்கள், அது மரியாதை. இரண்டு கையாலும் மறுபடி நீட்டவேண்டும். வாங்கியபிறகு நம் எதிரில் பிரிக்காமல் எடுத்துவைத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

"இருட்டிவிட்டது, இங்கேயே தங்கு" என்று ஆயி சொல்வார். தங்கலாம். ஆனால் வெளிநாட்டவர் ஒரு வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவுசெய்யவேண்டும் என்பது சீனச் சட்டம். விடுதி என்றால் அவர்களே செய்துவிடுவார்கள், வீட்டில் தங்கினால் நாம்தான் செய்யவேண்டும். பாஸ்போர்ட்டோடு தோழியும் கூடப் போனால் முடிந்துவிடுகிற வேலை. முன்கூட்டித் திட்டமில்லாவிட்டால் இரவு ரயிலில் திரும்பிவிடுவதே நல்லது.

இவ்வளவையும் பெற்றுக்கொண்ட வீட்டுக்கு ஒரு கடமை இருக்கிறது. 2025 ஜூலை முதல் இந்தியா சீனர்களுக்குச் சுற்றுலா விசாவை மறுபடியும் வழங்கிவருகிறது. உங்கள் மகளை ஊர் சுற்றிக் காட்டிய அந்தப் பெண்ணை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். திருச்சிக்குக் கூட்டிப்போய் திருவானைக்காவில் யானையும் லிங்கமும் இருக்கும் தூணைக் காட்டுங்கள். சாப்பாட்டுக்கு அவளைக் காசு கொடுக்க விடாதீர்கள்.